ம் கொட்டிய மத்தியானங்கள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு கோடைகாலம். அப்போது நான் இத்தாலியின் பலெர்மோ நகரில் ஒரு வயதான விதவையின் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. வீட்டுக்கார அம்மாவை அங்கே 'சின்னோரா' என்றுதான் கூப்பிடுவோம். கூட்டுவது, துடைப்பது, சமைப்பது எதையும் நான் பொறுத்துக்கொள்வேன். இந்த அயர்ன் பண்ணும் வேலை இருக்கிறதே, அதுதான் என் உயிரை வாங்கும். கட்டில் விரிப்பு, தலையணை உறை மட்டுமல்ல, கோப்பை துடைக்கும் துணிகூட மடிப்புக் குலையாமல் அயர்ன் பண்ணியிருக்க வேண்டும். துடைக்கிற துணிக்கு என்னத்துக்கு இந்த அலங்காரம் என்று ஒரு நாள் கேட்டேன். சின்னோரா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதோடு கேட்பதை விட்டுவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் எனக்கு வாயாடி என்று பெயர். பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் கதைக்கத் தொடங்கினால் அடுப்பில் கறி அடிப்பிடிக்கும். அப்படிப்பட்ட நான் பலெர்மோவுக்கு வந்து, பகல் முழுக்க "சீ, சின்னோரா" என்ற இரண்டு சொல்லோடு காலம் தள்ளினேன். 'சீ' என்றால் இத்தாலியனில் 'ஓம்', ஆமாம். ஓம் அம்மா, ஓம் அம்மா என்று ஒரு நாள் முழுக்கச் சொல்லிப் பாருங்கள், வாய் புளித்துப்போகும். அல்பெர்கேரியாப் பகுதியில் இருந்த எங்கள் சின்ன வீட்டுக்குத் திரும்பினால் என்ரை மனுசன் உணவகத்தில் பாத்திரம் கழுவப் போயிருப்பார். சுவரோடு கதைக்க வேண்டியதுதான்.

சின்னோராவின் வீட்டுப் பின்னறையில் ஒரு அயர்லாந்துப் பெண் வாடகைக்கு இருந்தாள். தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் இங்கிலிஷ் படிப்பித்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வெயிலில் போய்வந்தால் முகம் தக்காளியாகிவிடும். என்னைக் கண்டால் சிரிப்பாள், நானும் சிரிப்பேன், அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

ஒரு மத்தியானம். ஆபிரிக்காப் பக்கமிருந்து சூட்டுக்காற்று அடித்துக்கொண்டிருந்ததால் சன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. சின்னோரா சாப்பிட்டுவிட்டு நித்திரை. பின்னறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. இத்தாலியன் இல்லை, இங்கிலிஷும் இல்லை. ஒரு வசனம் தொடங்கும், பாதியில் நிற்கும். திரும்பவும் முதலில் இருந்து தொடங்கும், அதே இடத்தில் நிற்கும். செபம் சொல்கிறாளோ என்று முதலில் நினைத்தேன். பிறகு, கடவுளே, இந்த வெக்கையில் பிள்ளைக்கு விசர் பிடித்துவிட்டதோ என்று பயந்துபோனேன். மடித்த விரிப்புகளைச் சாட்டாக வைத்துக்கொண்டு கதவைத் தட்டினேன்.

அவள் நல்ல பாவாடை சட்டை போட்டு, தலை வாரி இழுத்து, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது.

நாங்கள் இருவரும் பேசியது அரைகுறை இத்தாலியனில். அதை என்னுடைய தமிழிலேயே சொல்லிவிடுகிறேன், அப்படிச் சொன்னால்தான் எனக்குச் சரியாக வரும்.

"என்ன பிள்ளை, ஆரோடை கதைக்கிறாய்?"

"என்னோடைதான். இது என்ரை பாஷை. ஐரிஷ்."

"அயர்லாந்திலை இங்கிலிஷ்தானே கதைக்கிறவை?"

"எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கிறினம். எங்கடை ஆக்களிலையே கனபேருக்கு ஐரிஷ் கதைக்க வராது. மேற்குக் கரையிலை கொஞ்ச ஊருகளிலைதான் வீட்டிலையும் கடையிலையும் கதைப்பினம். என்ரை அப்பாவின்ரை ஊர் அதிலை ஒண்டு."

அந்த ஊர்ப் பக்கத்தில் ஓர் அரசாங்கக் கந்தோர் இருக்கிறதாம். அங்கே எழுதுவினைஞர் வேலைக்கு ஆட்கள் எடுக்கிறார்களாம். ஆகக் கீழ்ப்படி வேலைதான், சம்பளமும் பெரிதில்லை. ஆனால் அங்கே கோப்பு, கடிதம், வருகிற சனத்தோடு கதைப்பது எல்லாம் ஐரிஷில். அதனால் அந்த மொழி தெரிந்தவர்களைத் தனியாகத் தெரிவு செய்கிறார்கள். ஈஸ்டருக்கு ஊருக்குப் போனபோது எழுத்துப் பரீட்சை எழுதிப் பாஸாகிவிட்டாள். இன்னும் கொஞ்ச நாளில் நேர்முகப் பரீட்சை. அது முழுக்க முழுக்க ஐரிஷில்.

எனக்குக் காதை நம்ப முடியவில்லை. "உன்ரை பாஷை தெரியும் எண்டதுக்காகவோ உன்னைக் கூப்பிடுகினம்?" என்று திரும்பக் கேட்டேன்.

"ஓம், அதுக்காகத்தான்."

விரிப்புகளை அவள் கட்டிலில் பொத்தென்று வைத்தேன். பொறாமைதான், வேறென்ன. எனக்கும் ஒரு காலத்தில் கந்தோர் உத்தியோக ஆசை இருந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது பொறாமை நிலைக்கவில்லை. வருடக்கணக்காக அவள் ஐரிஷில் கதைத்தது ஒரே ஒருவரோடு, ஞாயிறுதோறும் தொலைபேசியில், அப்பாவோடு. தாய்க்கு அந்த மொழி தெரியாது, வேறு ஊர்க்காரி. போன மாரியில் அப்பா செத்துப்போனார். அதற்குப் பிறகு அந்த மொழியில் அவள் வாய் திறக்கவே இல்லை.

"எல்லாம் உள்ளுக்கை கிடக்கு. ஆனால் வாயைத் திறந்தால் பாதியிலை நிண்டிடுது, இல்லாட்டி இத்தாலியன் வந்து விழுது. கண்ணாடியோடை எப்பிடிக் கதைக்கிறது? இந்த வேலை கிடைச்சால் அப்பான்ரை ஊரிலை போய் இருப்பன். கிடைக்காட்டி அங்கை சீவிக்க வழி இல்லை. இஞ்சையே இங்கிலிஷ் படிப்பிச்சுக் கிழவியாப் போயிடுவன்."

"எழும்பு பிள்ளை. குசினிக்கு வா. நான் அயர்ன் பண்ணப் பண்ண நீ எனக்குச் சொல்லு."

"உங்களுக்கு விளங்காதே."

"விளங்காட்டி என்ன, எனக்குக் காது இருக்குத்தானே?"

அப்படித்தான் தொடங்கியது. முதல் நாள் பெரிய பகிடியாகப் போயிற்று. அவள் ஒரு வசனம் சொன்னாள். நான், சரி சொல்லு பிள்ளை என்ற பாவனையில் தலையை இரண்டு பக்கமும் சரித்து ஆட்டினேன். அவள் டக்கென்று நிறுத்திவிட்டாள். திரும்பத் தொடங்கினாள், நான் திரும்பவும் தலையை ஆட்டினேன், அவள் திரும்பவும் நிறுத்தினாள். மூன்றாம் முறை அழுகிற குரலில் கேட்டாள்.

"எங்கை பிழை விடுறன்?"

"பிழையோ? எனக்கு உன்ரை பாஷையிலை ஒரு சொல்லும் தெரியாது, நான் எங்கை பிழை பிடிக்கிறது? ஓம் ஓம், சொல்லு எண்டெல்லோ தலை ஆட்டுறன்!"

அவர்கள் ஊரில் தலை பக்கவாட்டில் அசைந்தால் இல்லை, வேண்டாம் என்றுதான் அர்த்தமாம். இரண்டு பேரும் சின்னோரா எழும்பிவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அதற்குப் பிறகு தலையை அடக்கி வைத்துக்கொண்டு ம் கொட்டத் தொடங்கினேன். நம்மில் யாராவது ஒரு கதை சொன்னால், கேட்பவர் ம் கொட்டாமல் இருந்தால் சொல்கிறவருக்குக் கதை ஓடாது. நித்திரையோ என்று தட்டிப் பார்ப்போம். விளங்குகிறதோ இல்லையோ, நான் இங்கேதான் இருக்கிறேன், நீ சொல்லு என்பதுதானே அந்த ம். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தேன்.

"ம்" என்றேன். அவள் ஒரு வசனம் சொன்னாள். "ம்." இன்னொன்று சொன்னாள். "ம்ம்." நிற்கும் இடத்தில் நின்றாள். நான் அயர்ன் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்து, "ம்?" என்று கொஞ்சம் இழுத்தேன். அந்த இடத்தைத் தாண்டிவிட்டாள். பிறகு அவள் பாட்டுக்குக் கதைத்துக்கொண்டே போனாள். நடுவில் சிரித்தாள், ஓரிடத்தில் குரல் தழதழத்தது. அப்பாவைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று கேட்காமலே எனக்குத் தெரிந்தது.

அடுத்தடுத்த மத்தியானங்களில் எனக்கும் வேலை தந்தாள். நேர்முகப் பரீட்சை என்றால் எதிரில் இருந்து கேள்வியும் வர வேண்டுமே, நீங்கள் அதிகாரியாக இருங்கள், உங்கள் பாஷையில் கேளுங்கள் என்றாள். எனக்குச் சொல்ல வேண்டுமா? சின்னோராவின் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்து, வடிவான தமிழில் அதட்டினேன்.

"ஏன் பிள்ளை இந்த வேலைக்கு வந்தனீர்? கந்தோருக்கு நேரத்துக்கு வருவீரோ? வாற சனத்தோடை எரிஞ்சு விழமாட்டீரே?"

ஒரு சொல்லும் விளங்காமல் அவள் ஒவ்வொன்றுக்கும் ஐரிஷில் நீட்டி முழக்கிப் பதில் சொன்னாள். நான் இன்னும் சத்தமாகக் கேட்டேன். பலெர்மோவில் ஒரு வேலை வீட்டில், பட்டப்பகலில், வாய் நிறையத் தமிழ் கதைத்தேன். எவ்வளவு காலத்துக்குப் பிறகு! சத்தத்தில் சின்னோரா எழும்பி, இரவுச் சட்டையோடு குசினி வாசலில் வந்து நின்றார்.

"இதென்ன, நீ சொல்லுறது அவளுக்கு விளங்குதோ?"

"இல்லை, சின்னோரா."

"அவள் சொல்லுறது உனக்கு?"

"இல்லை, சின்னோரா."

மனுசி சிலுவை போட்டுக்கொண்டு, என் முகத்தில் இருந்த தன்னுடைய கண்ணாடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, கோப்பி போடச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு நாள் அவள் மாற்றிப் பிடித்தாள். "இண்டைக்கு நான் அதிகாரி, நீங்கள் வேலைக்கு வந்தனீங்கள்" என்று சொல்லி, மேசையின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, ஐரிஷில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். மொழி விளங்காவிட்டாலும் அந்தத் தொனியில் எந்த ஊரிலும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். உமக்கு ஏன் இந்த வேலை வேண்டும்?

நான் விளையாட்டாகத்தான் வாயைத் திறந்தேன். வந்தது விளையாட்டு இல்லை.

இருபத்திரண்டு வயதில் நானும் எழுதுவினைஞர் பரீட்சை எழுதினேன். தமிழில் எழுதினேன், பாஸாகினேன். நேர்முகப் பரீட்சைக்குக் கொழும்புக்கு வரச் சொன்னார்கள். அக்காவின் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு அப்பாவோடு யாழ்ப்பாண ஸ்டேசனில் கோச்சி ஏறினேன். வழி முழுக்க ஒரே ஒரு பதிலைத்தான் பாடமாக்கினேன். இந்த வேலை எனக்கு ஏன் வேண்டும் என்ற பதில். அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிங்களத்தில் கேட்டார்கள். கேட்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது, என்ன கேட்கிறார்கள் என்று தெரியவில்லை. தமிழில் சொல்லலாமா என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் கேட்டேன். நடுவில் இருந்தவர் சிரித்த முகத்தோடு, அரச மொழியில் வேலை செய்யக்கூடியவர்கள்தான் தேவை என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். போகலாம் என்றார்கள். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த அப்பா, "என்ன பிள்ளை, அதுக்கிடையிலை முடிஞ்சுதோ?" என்று கேட்டார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

பாடமாக்கிய அந்தப் பதிலை யாரும் கேட்கவே இல்லை. அதை அன்றைக்குச் சின்னோராவின் குசினியில் சொன்னேன்.

"ஐயா, எங்கடை ஊர்ச் சனம் கந்தோருக்குப் போகப் பயப்பிடுகினம். எழுதத் தெரியாத ஆக்கள் வாசலிலை நிண்டு ஆரையும் பிடிச்சுக் கெஞ்சுகினம். நான் உள்ளுக்கை இருந்தால், வாங்கோ, இருங்கோ, என்ன அலுவல் எண்டு அவையின்ரை பாஷையிலை கேப்பன். அதுக்குத்தான் எனக்கு இந்த வேலை வேணும்."

அதோடு நிற்கவில்லை. சேலை, கோச்சி, அப்பா எல்லாம் வந்தது. கருகல் மணம் மூக்கில் ஏறிய பிறகுதான் பார்த்தேன், தலையணை உறை கருகிக்கொண்டிருந்தது. அவள் எழும்பி வந்து அயர்ன் பெட்டியை என் கையிலிருந்து வாங்கினாள். மிச்சத் துணிகளை அவள் தேய்த்தாள், நான் கதிரையில் இருந்து அழுதழுது சொன்னேன். இடைக்கிடை அவள் "ம்" என்றாள். சரியாக வரவில்லை, மூக்கால் வந்தது, தேவையில்லாத இடத்திலெல்லாம் வந்தது. ஆனாலும் கொட்டினாள். கடைசியில் நடந்ததை இத்தாலியனில் சுருக்கமாகச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் மூடியதும் அவள் புறப்பட்டாள். வேலை கிடைக்காவிட்டால் செப்டெம்பரில் திரும்பி வருவேன் என்று ஒரு பெட்டியைப் பின்னறையில் விட்டுவிட்டுப் போனாள். படியில் வைத்து, "போட்டு வா பிள்ளை" என்றேன். நாங்கள் போ என்று சொல்வதில்லை. சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன், இவள் திரும்பி வரக்கூடாது என்பதுதானே இவளுக்கு நல்லது.

அவள் போன பிறகு அந்தக் கோடை நீண்டுகொண்டே போனது. மத்தியானத்தில் குசினியில் அயர்ன் பெட்டியின் ஆவிச் சத்தம் மட்டும்தான். ஒரு ஞாயிறு நகரத்துக்கு மேலே இருக்கும் மலைக்குப் போய்ப் புனித ரொசாலியாவிடம் மெழுகுதிரி கொளுத்தினேன். நாங்கள் சைவம்தான், ஆனால் பலெர்மோத் தமிழர் யாரும் அந்த அம்மாவை விட்டுவைப்பதில்லை. அவளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று கேட்டேன். மனசின் ஒரு மூலை, அவள் திரும்பி வரட்டுமே என்றது. கள்ள மனசு! எனக்கென்று ஏதாவது கேட்போம் என்று நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை, இறங்கி வந்துவிட்டேன். "அவளுக்கு வேலை கிடைச்சால் உனக்கோ சம்பளம் தரப்போகினம்?" என்று என்ரை மனுசன் பகிடி பண்ணினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓகஸ்ட் முடிகிற சமயம், ஒரு மத்தியானம் தொலைபேசி அடித்தது. சின்னோரா எழும்பமுதல் ஓடிப்போய் எடுத்தேன்.

"புரொந்தோ?" என்றேன், இத்தாலியரின் ஹலோ அது.

அந்தப் பக்கம் ஐரிஷ்! மூச்சு விடாமல், தங்கு தடை இல்லாமல் வந்தது.

"ம்" என்றேன். கதை வேகமாகப் போனது. "ம்ம்" என்றேன். சொல்லே விளங்காமல் செய்தி விளங்கிவிட்டது. என் கண்ணால் தண்ணீர் ஓடியது.

"கிடைச்சிட்டுது" என்று பிறகு இத்தாலியனில் சொன்னாள். "பெட்டியை அனுப்பிவிடச் சொல்லுங்கோ."

"அடி பெட்டை!" என்று நான் போட்ட சத்தத்தில் சின்னோரா எழும்பிவிட்டார்.

"இன்னொரு விசயம் சொல்ல வேணும், கோபிக்காதேங்கோ. நேர்முகப் பரீட்சையிலை தலைவரா இருந்த மனுசன் கதைச்சுக்கொண்டிருக்கேக்கை, நான் என்னை அறியாமல் உங்களை மாதிரித் தலையைச் சரிச்சு ஆட்டி, ம் ம் எண்டு கொட்டிப்போட்டன். அவர் நிப்பாட்டி, ஏன், நான் சொல்லுறது பிழையோ எண்டு கேட்டார்."

"ஐயோ, கெடுத்தன் போ! பேந்து?"

"பேந்து எல்லாத்தையும் சொல்ல வேண்டி வந்தது. பலெர்மோவிலை ஒரு குசினி, அங்கை ஒரு தமிழ்ப் பொம்பிளை, அவ எனக்கு ம் கொட்டினவ எண்டு. உங்கடை கதையும் சொன்னன். கொழும்புக்குப் போனது, உங்கடை பாஷையிலை ஒருத்தரும் கேக்காமல் விட்டது. நான் பாடமாக்கினதெல்லாம் மறந்து, அதைத்தான் கனநேரம் சொன்னன். நல்லா வந்தது. சொல்லி முடிய, ஓரத்திலை இருந்த ஒரு வயது போன மனுசி பேனையைக் கீழை வைச்சிட்டு என்னைக் கேட்டா, அந்தப் பிள்ளைக்கு வேலை கிடைச்சதோ எண்டு."

"நீ என்ன சொன்னனீ?"

"இல்லை எண்டு சொன்னன்."

எனக்கு ம் வரவில்லை. தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து, மூக்கால், மெதுவாகக் கேட்டது.

"ம்?"

அதற்குப் பிறகு எவ்வளவோ காலம் போய்விட்டது. எனக்கும் அவளுக்கும் தொடர்பு விட்டுப்போயிற்று. பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போய்க் கண்ணாடிக்கு வெளியே வரிசையில் நின்ற ஒவ்வொரு முறையும், உள்ளே இருப்பவரைப் பார்த்து, நான் அங்கே இருந்திருந்தால் வாங்கோ, இருங்கோ, என்ன அலுவல் என்று கேட்டிருப்பேனே என்று நினைப்பேன். அந்த ஏக்கம் போகவில்லை, இனிப் போகவும் போகாது. ஆனால் நான் காணாத ஒரு கடற்கரையில், எனக்கு ஒரு சொல்லும் தெரியாத மொழியில், ஓர் அரசாங்க மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருத்தி, எனக்கு வேலை கிடைத்ததா என்று கேட்டிருக்கிறாள். என் வாழ்க்கையில் எனக்குச் சரியாக நடந்த நேர்முகப் பரீட்சை அது ஒன்றுதான், அதற்கும் நான் போயிருக்கவில்லை.